ஜன்னல் கணக்கு

தெருவிலிருந்து பார்த்தால் ஏழு.
உள்ளே போய் எண்ணினால் நான்கு.
கொத்தனுக்குக் கணக்கு முக்கியம்,
மூன்று முறை படியேறி இறங்கினேன்.

லுதிவின் அம்மையார் சிரித்தார்:
"வீடு வாங்கிய அன்று நானும் இப்படித்தான்."
ஆஸ்பத்திரியில் இரவுப் பணி அவருக்கு.
பகலில் தூங்க வேண்டியவர்
வெளிச்சம் வேண்டும் என்கிறார்.

தோல் பதனிடும் அந்தெல்ம் ரூஸ்தான்
பிரெஞ்சுப் புரட்சி நடந்த நாட்களில்
மொர்னியாக்கின் ஆற்றங்கரைத் தெருவில் கட்டியது.
படகு வருவதைப் பார்க்க மூன்று,
கடன்காரன் வருவதைப் பார்க்க இரண்டு,
மீதி இரண்டு சும்மா, ஆசைக்கு.
அரசனைத் துரத்திய அரசு
பத்து வருஷம் போவதற்குள்
காற்று வரும் வழிக்கு வரி போட்டது.
வரிக்காரர் கதவைத் தட்டவில்லை.
தெருவில் நின்று விரல் நீட்டி
எண்ணிக்கொண்டு போனார்.

ஆசைக்கு வைத்தவை முதலில் போயின.
மூன்றாவது, மருமகன் காலத்தில்,
பிள்ளைப்பேற்று அறையில் இருந்தது.
அப்புறம் அந்த வீட்டில் பிறந்தவர்கள்
பட்டப்பகலிலும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் பிறந்தார்கள்.
அதில் ஒருவன் வரி அதிகாரியாகவே ஆனான்.

சுவர் மொட்டையாக நிற்கிறதே என்று
மருமகனின் மனைவி ஸெலி
ஊர் ஊராய்ப் போகும் ஓவியனைப் பிடித்தாள்.
மூன்று நாள் சூப்பு, ஒரு ஜோடி பூட்ஸுக்குத் தோல்,
மூடிய மூன்றிலும் ஜன்னல் வரைய வேண்டும்.
கடைசியில் அவனாகவே
பாதி விலகிய திரையும்
திரையைப் பிடித்த கையும்
ஒரு பெண்ணும் சேர்த்தான்.
யார் இவள் என்று ஸெலி கேட்டாளாம்.
கூலியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றானாம்.

மாறி மாறி வந்த தபால்காரர்கள் எல்லோரும்
அவளுக்குத் தொப்பி தூக்கினார்கள்.
நூற்றிருபத்தெட்டு வருஷம் கழித்து வரி செத்தது.
யாரும் உளி எடுக்கவில்லை.

யுத்தத்தில் ஓர் இரவு, பேக்கரியில் சொல்கிறார்கள்,
சிப்பாய்கள் வந்து
மேலே நிற்பவளைக் கொண்டு வா என்று
விடியும்வரை அவளுடைய அறையைத் தேடினார்களாம்.
அதற்குள் நிலவறையில் இருந்த இரண்டு பேர்
தோல் ஊறும் தொட்டியின் வாய்க்கால் வழியே
ஆற்றுக்குப் போய்விட்டார்களாம்.
நகராட்சிக் காகிதத்தில் இது இல்லை.
இருட்டில் பெயின்ட் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.
ரொட்டிக்காரர் சில்லறையை என் கையில் வைத்துவிட்டு
அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இப்போது அவள் கரைந்துவிட்டாள்.
கை இருக்கிறது, திரையின் ஒரு மடிப்பும்.
"உள்ளிருந்தே இடியுங்கள் அதெரித்து,
கையைத் தொடாமல் முடியுமா?"
முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினேன்.

சுண்ணாம்பு, குதிரைமயிர், ஓக் சட்டம்.
பின்னால் கல் இருக்கும் என்று நினைத்தேன்.
ஜன்னல் இருந்தது.
எட்டுக் கண்ணாடி, ஒன்றுகூட விரிசல் இல்லை.
கீலில் கொழுப்புத் தடவியிருந்தார்கள்,
தார்போலக் கறுத்திருந்தது.
மருமகனோ வேறு யாரோ
இந்த வரி எத்தனை நாளைக்கு என்று
வெளியே மட்டும் கல் அடுக்கியிருக்கிறார்கள்.
தாழ்ப்பாளைத் திருகினேன். சுற்றியது.
இரண்டு கதவும் என் பக்கம் திறந்தன.
மூக்குக்கு நேரே கல்.
கல்லுக்கு அந்தப் பக்கம் அவள் கை.

அம்மையார் நாற்காலியை இழுத்துப் போட்டு
அதன் எதிரே உட்கார்ந்தார்,
ஆறு தெரிகிறாற்போல.
"இன்றைக்குப் போதும்."

நகராட்சிப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
திறக்கப்படும் ஜன்னல்களின் எண்ணிக்கை.
எத்தனை போடட்டும் என்றேன்.
ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்திருந்தது அவருக்கு.
பேசிக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினார்.
ஜன்னலா, நிமிஷமா, தெரியவில்லை.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு நின்றேன்.